புதுக்குடியிருப்பில் ஓர் உளவளத்துணை அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளே,

2009 இறுதிப் போரில் தப்பி, இன்னும் அதன் பிடியில் இருக்கும் 40 பேருக்கு, ஆளுக்குப் பத்து அமர்வாக உளவளத்துணை வழங்க ஓர் அறையும் இரண்டு பணியாளரும் வேண்டும். ஒரு வருடச் செலவு 12 இலட்சத்து 95 ஆயிரம் ரூபாய்.

“சண்டை முடிந்து இத்தனை வருடமாச்சே, இன்னுமா?” என்று பலர் கேட்கிறார்கள். ஆபத்து என்றதும் மூளையில் மணியடிப்பது அமிக்டலா. நடந்ததற்கு இடமும் நாளும் குறித்து அடுக்கிவைக்க உதவுவது ஹிப்போகாம்பஸ். “இது கோயில் வெடி, செல் (எறிகணை) இல்லை” என்று மணியை அடக்குவது நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதி. பங்கருக்குள் நாட்கணக்காகக் கிடந்தவருக்கு மணி ஓயவில்லை, அடுக்கும் வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. சத்தமும் மணமும் பயமும் ஆழப் பதிந்தன. அது முடிந்துவிட்டது என்பது பதியவில்லை. அதனால்தான் கூரைத் தகரத்தில் தேங்காய் விழுந்தாலும் உடம்பு முதலில் நிலத்தில் விழுந்து படுக்கிறது, அறிவு பிறகுதான் வந்து சேர்கிறது. இதைக் கோழைத்தனம் என்றோ பேய்க்குணம் என்றோ சொல்வது பெரிய அநியாயம்.

ஒருநாள் முகாம் நடத்தப் பணம் தரப் பலர் முன்வருகிறீர்கள். தயவுசெய்து அதற்குத் தரவேண்டாம். ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்லவைத்து வீட்டுக்கு அனுப்பினால் சிலருக்கு நிலைமை மோசமாகும். தூக்க மாத்திரையும் இதை மாற்றாது. பழக்கமாகிவிடும் ஆபத்துத்தான் மிச்சம்.

முதல் அமர்வில் கதை கேட்பதில்லை. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடப் பழக்குவோம். வெளிமூச்சு நீண்டால் நெஞ்சுத் துடிப்புத் தணியும். அடுத்த அமர்வில் பாயில் ஒரு கயிற்றை விரிப்போம். ஒரு முனை பிறந்த நாள். நல்லது நடந்த இடத்தில் பூ, கொடியது நடந்த இடத்தில் கல். மறுமுனையில் கொஞ்சக் கயிறு சுருட்டியபடியே இருக்கும். அது இனி வரப்போகும் காலம். பிறகு ஓர் அமர்வுக்கு ஒரு கல்: எந்த இடம், எந்த மாதம், என்ன கேட்டது, உடம்பில் எங்கே தெரிந்தது. இடையிடையே “இப்ப எங்க இருக்கிறீங்க?” என்று கேட்டு, பாதம் பாயில் படுவதை உணரவைப்போம். பார்வை நிலைகுத்தி ஆள் உறைந்தால் கதையை நிறுத்தி, எழுந்து நிற்கவைத்து, கையில் குளிர்ந்த தண்ணீரைக் கொடுப்போம்.

இதில் நடக்கும் மிகப் பெரிய பிழை, பயம் உச்சத்தில் இருக்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழும்பிவிடுவது. ஓர் அமர்வுக்கு 90 நிமிடம் ஒதுக்குவதும், கடைசி அமர்வை ஒன்றரை மணிக்கே தொடங்குவதும் அதனால்தான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் “அவர் இல்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று எந்தக் கட்டத்திலும் சொல்லமாட்டோம். உயிரை மாய்க்கும் எண்ணம் உள்ளவரை அன்றே வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவோம்.

செலவு விபரம்: நாளுக்கு மூன்று அமர்வாக 134 நாள், பணியாளர் படி 4,000 வீதம் 536,000. யாழ்ப்பாணத்திலிருந்து மாதம் இருமுறை வரும் மேற்பார்வையாளருக்கு 288,000. இதைக் குறைக்கச் சொல்லாதீர்கள், மேற்பார்வை இல்லாத பணியாளர் தன்னையறியாமலே கனமான கல்லைத் தவிர்த்து ஊர்க்கதைக்குப் போய்விடுவார். வருபவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு 201,000. பஸ் காசு 120,000. தகரத்துக்குக் கீழ் சீலிங் அடித்து, கதவு திருத்த 150,000. மழைச் சத்தத்துக்குள் இந்த வேலை நடக்காது. யார் வருகிறார்கள் என்று தெரியும்படி அறையில் கதிரைகள் வாசலைப் பார்த்தபடி இருக்கும்.

ஆக ஒருவருக்கு 32,375 ரூபாய். முழுதாகவோ பகுதியாகவோ தரலாம். பணம் வங்கி வழியாக மட்டும், ரசீதுடன். வருபவர்களின் பெயரோ படமோ யாருக்கும் அனுப்பமாட்டோம், கணக்கறிக்கை ஆறு மாதத்துக்கொருமுறை வரும்.

கார்த்திகை 30க்குள் பாதித் தொகையாவது சேரவேண்டும். தை மாதம் தொடங்கினால்தான் முதற் குழுவுக்குச் சித்திரைக்குள் பத்து அமர்வும் முடியும். போர் முடிந்த நாளான மே 18 நெருங்கும் நாட்களில் புதிதாக ஒரு கல்லைக் கையில் எடுக்கவைக்க நாங்கள் விரும்பவில்லை.

இங்ஙனம்,
உளவளத்துணை அறை அமைப்புக் குழு