மாமனார் என்று மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சினிமா பக்கத்தில் இந்தி நடிகர் சசி கபூரைப் பற்றி முக்கால் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது, படமும் பழைய நல்ல படம். நடுவில் ஒரு வரி வருகிறது: அவருடைய மாமனார் ஜெஃப்ரி கெண்டல் ஓர் ஆங்கிலேய நடிகர் என்று. அதோடு சரி. அதற்குக் கீழே கட்டம் கட்டி, 'ஷேக்ஸ்பியர் வாலா' என்கிற படம் அந்தக் குடும்பத்தின் உண்மைக் கதை, சினிமா வந்து அவர்களின் நாடகக் கம்பெனியை ஒழித்த கதை என்று எழுதியிருந்தது. கட்டத்தில் இருப்பது பாதிக்குப் பாதி தப்பு. மேலே உள்ள வரி தப்பில்லை, ஆனால் எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நீ யாரடா இதைக் கேட்க என்று தோன்றலாம். நான் கொழிஞ்சாம்பாறையில் மைக் செட், லைட் செட் வாடகைக்கு விடுகிறவன். கேரளா என்று பெயர், ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பேசுவது தமிழ்தான், உங்கள் கோவைப் பதிப்பு காலை பஸ்ஸில் வந்து இறங்கினால்தான் டீக்கடையில் பேச்சே ஆரம்பிக்கும். எங்கள் அப்பா பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வந்துபோன நாடகக் கம்பெனிகளுக்கு சீன் படுதாவும் பெட்ரோமாக்ஸும் வாடகைக்குக் கொடுத்தவர். டோப்பா பெட்டிமேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கத்தில்தான், உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் கெண்டல் எழுதிய தன்வரலாறு கிடைத்தபோது (1986இல் வந்த புத்தகம்) விடாமல் வாங்கிவந்தேன். என் இங்கிலீஷ் அரைகுறை, மகள்தான் ராத்திரி ராத்திரியாகப் படித்துச் சொன்னாள்.

முதலில் பேர். கெண்டல் என்பது அவர் பரம்பரைப் பெயரே கிடையாது. அவர் பிறந்தது இங்கிலாந்தின் வடமேற்கில் கெண்டல் என்கிற ஊரில், 1909 செப்டம்பர் 7ஆம் தேதி. வீட்டுப் பெயர் பிராக். நாடகத்துக்கு வந்ததும் அதை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டார். நமக்கு இது புதுசா என்ன? கொத்தமங்கலம் சுப்பு, செருகளத்தூர் சாமா என்று எத்தனை பேர். ஆனால் நம் ஆட்களுக்கு ஊர்ப் பெயர் அவரோடு நின்றுவிடும், அங்கே பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. மகள்கள் ஜெனிபர் கெண்டல், ஃபெலிசிட்டி கெண்டல். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஜெனிபர் கொத்தமங்கலம்!

இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது பட்டாளத்துக்காரர்களுக்கு நாடகம் போட ஒரு குழுவோடு 1944இல் இந்தியாவுக்கு வந்தார். போர் முடிந்து திரும்பிப் போனவர், 1947இல் சொந்தக் கம்பெனியைக் கட்டிக்கொண்டு மறுபடி வந்து நின்றார். அந்த வருஷத்தைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் எல்லாம் பெட்டி கட்டிக் கப்பல் ஏறுகிற நேரத்தில் இந்த மனுஷன் டோப்பாவும் வாளும் அடைத்த பெட்டிகளோடு எதிர்த் திசையில் இறங்குகிறார். கம்பெனிக்குப் பெயர் ஷேக்ஸ்பியரானா. மனைவி லாரா லிடெலும் நடிகை, மகள்கள் இருவரும் நடிகைகள், இளையவள் ஃபெலிசிட்டி ஒன்பது மாசக் குழந்தையாக இருக்கும்போதே மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டவள். இதற்குமேல் குடும்பக் கம்பெனி என்று எதைச் சொல்வது. நடுவில் ஊருக்குப் போய்விட்டு 1953இல் மறுபடி வந்து வருஷக் கணக்கில் சுற்றினார்கள். ஒருநாள் மகாராஜா அரண்மனையில் நாடகம், மறுநாள் பள்ளிக்கூட ஹாலில். ஹேம்லெட், ஒத்தெல்லோ, மெக்பெத், வெனிஸ் வணிகன் எல்லாம் கைவசம். ஆள் குறைவு, வேஷம் அதிகம், அதனால் ஒரே ஆள் ஒரு ராத்திரியில் இரண்டு மூன்று வேஷம் கட்டவேண்டும். ராஜபார்ட் போட்டவரே கம்பெனி முதலாளி, அவரே வாத்தியார்.

இதைத்தான் ஐயா நான் சொல்லவருவது. நடிகர் என்றால் நடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர். கம்பெனி நடத்துகிறவர் வேறு ஜாதி. அடுத்த ஊரில் ஹால் கிடைத்ததா, ரயிலில் பெட்டி ஏறியதா, ஒப்புக்கொண்ட ஹெட்மாஸ்டர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிடுவாரா, பத்துப் பேருக்குச் சாப்பாட்டுக்கு வழி என்ன என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் நின்று லியர் மகாராஜாவாக அழவும் வேண்டும். எங்கள் கடைக்குப் பாக்கி வைத்துவிட்டுப் போன கம்பெனி முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பா ஒருவரிடமும் கறாராகக் கேட்டதில்லை, பாவம்டா அவன் நாளைக்கும் நாடகம் போடணும் என்பார். (அந்தப் பாக்கிகள் இன்றைக்கும் பாக்கிதான்.)

வெள்ளைக்காரரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. இங்கிலீஷ் தெரிந்தவனுக்குத்தானே அந்த நாடகம்? பாடத்தில் ஷேக்ஸ்பியர் படித்த பிள்ளைகள் வசனத்தைக் கூடவே முணுமுணுத்திருப்பார்கள், எங்கள் எருத்தேம்பதிப் பனையேறி என்ன செய்வான்? அவனுக்கும் ஷேக்ஸ்பியர் போய்ச் சேர்ந்தது, வேறு ஆட்கள் கையால். பம்மல் சம்பந்த முதலியார் ஹேம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார், வெனிஸ் வணிகனை வாணீபுர வணிகன் ஆக்கினார். இந்தப் பக்கம் கேரளத்தில் சாம்பசிவன் என்ற கதாபிரசங்கக்காரர் கோயில் திருவிழாவில் மைக் முன்னால் நின்று ஒத்தெல்லோ கதையைச் சொல்லி ஆயிரக்கணக்கான பேரை அழ வைத்தார். கெண்டல் அதைச் செய்யவில்லை. ஆனால் அவரிடம் சம்பளத்துக்கு இருந்த ஒரு வங்காளிப் பையன் செய்தான். உத்பல் தத். கெண்டல் கம்பெனியில் இரண்டு தடவை சேர்ந்து வேலை பார்த்துவிட்டு, அப்புறம் தன் பாஷையில் தன் ஜனங்களுக்கு நாடகம் போட்டு வங்காளத்தையே ஆட்டி வைத்தார். பிற்பாடு இந்திப் படங்களில் சிடுசிடு அப்பாவாக வந்து சிரிக்க வைத்தாரே, அவரேதான்.

இனி சசி கபூர் விஷயம். அவரும் கம்பெனி வீட்டுப் பிள்ளைதான், அப்பா பிருத்விராஜ் கபூர் ஊர் ஊராக நாடகம் கொண்டுபோனவர். கல்கத்தாவில் ஜெனிபரைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, மாமனார் கம்பெனியிலேயே சேர்ந்து வேஷமும் கட்டினார், 1958இல் கல்யாணம். கெண்டலுக்கு இதில் சந்தோஷம் இல்லை. மாப்பிள்ளை இந்தியர் என்பதாலா என்று உடனே கேட்பார்கள். என் தொழில் புத்திக்கு வேறு ஒன்று படுகிறது. ஜெனிபர்தான் கம்பெனியின் முதல் ஸ்திரீபார்ட். மகள் கல்யாணம் ஆகிப் போனால் எந்த அப்பனும் அழுவான், கதாநாயகியும் கூடவே போனால் கம்பெனி முதலாளி என்ன ஆவான்? நாளைக்கு டெஸ்டிமோனா யார்? கோபம் வராமல் என்ன செய்யும்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். 'ஷேக்ஸ்பியர் வாலா' 1965இல் வந்தது. இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரிப்பு, ஜேம்ஸ் ஐவரி இயக்கம், கறுப்பு வெள்ளை, இசை நம் சத்யஜித் ராய். கெண்டல் குடும்பமே நடித்திருக்கிறது: பக்கிங்காம் என்ற கம்பெனி முதலாளியாக அவர், மனைவியாக லாரா, மகளாக ஃபெலிசிட்டி. இதில் ஒரு வேடிக்கை, படத்தில் சசி கபூர் காதலிப்பது நிஜ வாழ்க்கையில் அவருக்குக் கொழுந்தியாளை! சரி, கதை என்னவென்றால் இந்தி சினிமாவின் மவுசில் நாடகத்துக்குக் கூட்டம் குறைகிறது, கம்பெனி நொடிக்கிறது, காதல் கைகூடவில்லை, பெண்ணை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றிவிடுகிறார்கள். நிஜத்தில் மூத்த மகள் இங்கேயே வாழ்க்கைப்பட்டு பம்பாய்க்காரி ஆகிவிட்டாள். இப்படி அழுமூஞ்சியாகத் தன் கதையைக் காட்டியதில் கெண்டலுக்கு மனக்குறைதான். அவர் டைரிக் குறிப்புகளிலிருந்து கிளம்பிய கதைதான், நான் மறுக்கவில்லை. விதை அவருடையது, மரம் வேறு. அதனால்தான் உண்மைக் கதை என்று கட்டம் கட்டாதீர்கள் என்கிறேன்.

ஆனாலும் அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ஒத்தெல்லோ நாடகம் நடந்துகொண்டிருக்கிறது, நடுவில் ஒரு சினிமா நடிகை வந்து உட்காருகிறாள். மதூர் ஜாஃப்ரி நடித்த வேஷம், அதற்கு பெர்லின் விழாவில் பரிசே கிடைத்தது. ஜனம் மொத்தமும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளைப் பார்க்கத் திரும்பிவிடுகிறது. மேடையில் கெண்டல் நின்றுகொண்டே இருக்கிறார். இதை எத்தனை தடவை நேரில் பார்த்திருக்கிறேன் தெரியுமா ஐயா? நாடகம் பாதியில் இருக்கும், சிறப்பு விருந்தினர் வண்டி வந்துவிடும், உடனே ஆர்மோனியத்தை நிறுத்து, மைக்கைக் கொடு, மாலையைப் போடு. அரிதாரத்தோடு ஓரமாக நிற்பான் ராஜபார்ட், வியர்வை கன்னத்தில் கோடு போடும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் அவன் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

இளைய மகள் ஃபெலிசிட்டி அந்தப் படத்துக்கு அப்புறம் இங்கிலாந்துக்குப் போய்ப் பெரிய ஆள் ஆனார். 1975 முதல் 1978 வரை பிபிசியில் வந்த ஒரு நகைச்சுவைத் தொடரில் நடித்தார், அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் ஆகிவிட்டார். அதே 1978இல் ஜெனிபரும் சசி கபூரும் பம்பாய் ஜூஹுவில் பிருத்வி தியேட்டரைத் திறந்தார்கள், இன்றைக்கும் நாடகம் நடக்கிற இடம். வாழ்நாள் முழுக்க இரவல் ஹாலில் நாடகம் போட்டவரின் மகள், நாடகத்துக்கென்றே ஒரு கட்டடத்தை நிறுத்திவிட்டாள். 1984இல் புற்றுநோயில் ஜெனிபர் போய்விட்டார். அன்று செப்டம்பர் 7, அவர் அப்பாவுக்கு 75 வயது நிறைந்த நாள். லாரா 1992இல். கெண்டல் 1998 மே மாதம் லண்டனில் இறந்தார், வயது 88. ஃபெலிசிட்டி எழுதிய புத்தகத்தில், நினைவில்லாமல் படுக்கையில் கிடக்கும் அப்பாவிடம் பழைய பயணங்களையெல்லாம் மகள் பேசிக்கொண்டே போகிறாள் என்று என் மகள் சொன்னாள். அந்த இடம் வந்தபோது இவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள், நானும் மேலே படி என்று கேட்கவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. ஜெனிபர் நடித்ததில் பெரிய படம் 1981இல் அபர்ணா சென் எடுத்த '36 சௌரங்கி லேன்'. கல்கத்தாவில் பள்ளிக்கூடத்தில் ஷேக்ஸ்பியர் சொல்லிக்கொடுக்கும் ஆங்கிலோ இந்திய டீச்சரம்மா. அதில் அவருக்குச் சகோதரனாக, முதியோர் விடுதியில் கிடக்கும் கிழவனாக வருகிறவர் கெண்டலேதான். அப்பாவும் மகளும் அண்ணன் தங்கையாக! கடைசியில் எல்லாராலும் கைவிடப்பட்ட அந்த அம்மா ராத்திரி நடுத்தெருவில் லியர் வசனம் சொல்லிக்கொண்டு நடக்கிறாள், கேட்பதற்கு ஒரு தெருநாய் மட்டும்.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கூத்துமாடம், அதாவது பாவைக்கூத்து நடத்தும் மேடை, ஞாபகம் வந்துவிட்டது. பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும், உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தாரிகன் என்ற அசுரனோடு சண்டை போடப் போனதால் பத்ரகாளி ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டது, அதனால் அவளுக்காக ஆடிக்காட்டுவது என்று ஐதீகம். பாட்டு கம்பராமாயணம். ஆமாம், நம் கம்பன்தான், மலையாளப் புலவர்கள் வாயில், எழுத்து எழுத்தாக மனப்பாடமாக. ஏழு ராத்திரி, பதினாலு, இருபத்தொன்று என்று நடக்கும். முதல் ஆட்டத்துக்கு நாலு பேர் இருப்பார்கள், நடுச்சாமத்துக்கு ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். போன பங்குனியில் ஒரு கோயிலுக்கு மைக் கட்டியிருந்தேன். ராத்திரி இரண்டு மணி, கணவாய்க் காற்று வேறு, மைதானத்தில் நானும் ஒரு செவலை நாயும். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடி விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, புலவர் ஒரு பாட்டுக்கூடக் குறைக்காமல் கும்பகர்ணனைப் பேச வைத்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் தோல் பாவைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பெட்டியில் வைத்தார்கள். நானும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த தடவை கெண்டலைப் பற்றி எழுதினால், நாடகக் கம்பெனி நடத்தியவர் என்று முதலில் போடுங்கள். மாமனார் என்பதை வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மைக் செட் கடைக்காரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

பின்குறிப்பு: கட்டத்துக்குள் ஒரு இடத்தில் ண் விட்டுப்போய் 'கெடல்' என்று அச்சாகியிருந்தது. டீக்கடையில் ஒருத்தர் இது கெடிலம் ஆற்றைப் பற்றிய செய்தி என்று நினைத்துக்கொண்டு, அதற்கும் சசி கபூருக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.