ஆயில் அளவைப் பார், கண்ணு

அன்புள்ள கண்ணு,

அம்மா கட்டுகிற பார்சலில் இந்தக் காகிதத்தையும் வைக்கிறேன். போனில் சொல்லலாம்தான். நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரிப்பா, வைக்கிறேன்" என்கிறாய். வண்டிக்கு சிந்தெடிக் ஆயில் போடலாமா என்று போன வாரம் கேட்டாயே, அதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வாய்க்கவில்லை. நீ என்னிடம் வண்டியைப் பற்றிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

போடலாம். தாராளமாகப் போடலாம். சாதா மினரல் ஆயிலில் ஓடின இன்ஜினுக்கு சிந்தெடிக் ஆகாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பழையதை எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கத்தான் செய்யும். இரண்டும் கலந்தால் பால் மாதிரி திரிந்துவிடாது. டீசல் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, சூட்டோடு வடித்தாலே போதும். கையேட்டில் சொன்ன 10டபிள்யூ-30 தான் வாங்க வேண்டும், அது ஆயிலின் கெட்டித்தன்மைக் கணக்கு. டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. என்று இருக்கிறதா பார், கிளட்ச் ஆயிலில் ஊறுகிற பைக்குக்கு ஆகும் என்கிற குறி அது. காருக்கு விற்கிற சிந்தெடிக் வேண்டவே வேண்டாம். உன் ஸ்ப்ளெண்டரில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. கார் ஆயிலில் வழுவழுப்புக்குச் சேர்க்கிற மருந்து அதில் பட்டால் கிளட்ச் வழுக்கும். முறுக்கினால் சத்தம்தான் ஏறும், வண்டி இழுக்காது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு வருகிற எம்.பி. ஆயிலும் இதற்கு ஆகாது.

சிந்தெடிக் சூட்டில் சீக்கிரம் கெடாது, ஆவியாகிக் குறைவதும் கம்மி. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனாலும், பெங்களூர் நெரிசலில் நின்று நின்று நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்கு அதுதான் நல்லது. ஆனால் அதைப் போட்டுவிட்டால் எட்டாயிரம் கிலோமீட்டர் திரும்பியே பார்க்க வேண்டாம் என்பார்கள், அதை மட்டும் நம்பாதே. உன் வண்டியில் மாற்றிப் போடுகிற பேப்பர் ஃபில்டர் கிடையாது. உள்ளே ஒரு வலை, சுற்றுகிற ஃபில்டர் ஒன்று, அவ்வளவுதான். ஆயில் கெடாவிட்டாலும் அதில் சேர்கிற தூளும் கசடும் எங்கே போகும்? நான் மூவாயிரத்துக்கு ஒரு தடவை மாற்றுவேன். நீ சிந்தெடிக் போட்டாலும் நாலாயிரத்தைத் தாண்ட விடாதே.

வாரம் ஒரு தடவை அளவைப் பார். மெயின் ஸ்டாண்டு போட்டு, மூன்று நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து, ஆயில் அளவு காட்டுகிற குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார். திருகினால் கணக்கு தப்பாகக் காட்டும். நல்ல ஆயில், மட்டமான ஆயில் என்பதெல்லாம் அப்புறம். அளவு குறைந்தால் எதுவும் காப்பாற்றாது.

பொங்கலுக்கு வந்தபோது உன் மீட்டரில் 41,200. சித்திரைக்கு வந்தபோது 52,600. காலண்டரில் குறித்து வைப்பது என் பழக்கம், உனக்குத் தெரியும். ஊருக்கு வந்து போனதைக் கழித்துப் பார்த்தேன். ரூமிலிருந்து ஆபீஸ் ஆறு கிலோமீட்டர் என்று நீதான் சொன்னாய். சரி, அது கிடக்கட்டும். அம்மா உன் கையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாட்ச் கட்டுகிற இடம் மட்டும் வெளுத்து, மற்றதெல்லாம் கருத்துக் கிடந்தது. ஏசி ரூமில் இருக்கிற கையா இது என்று என்னிடம்தான் கேட்டாள். உன்னிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த மாதமும் 5-ஆம் தேதி பணம் வந்துவிட்டது. ஒரு மாதம் தவறினதில்லை நீ. மேக்கால வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறேன். ஆனால் இங்கே எங்களுக்குப் பெரிய செலவு இல்லை, கண்ணு. இரண்டு மாதம் அனுப்பாவிட்டால் ஒன்றும் ஆகாது. அனுப்ப முடியவில்லை என்று நீயாகச் சொல்லியிருக்கலாம்.

சொல்லாததற்கு உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பத்தாவது பரீட்சை லீவில் நம்ம பழைய சிடி 100-க்கு நீயே ஆயில் மாற்றினாய். 17-ஆம் நம்பர் ஸ்பேனரைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நீ ஆயில் வடிக்கிற போல்ட்டை முடுக்கினது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று மாதம் கழித்து கருமத்தம்பட்டி ரோட்டில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நீ சரியாக முடுக்காததால் ஆயில் ஒழுகிவிட்டது என்று தறிக்கு வந்தவர்கள் முன்னால் உன்னைத் திட்டினேன். கை நீட்டினேன். கண்ணு, போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. அதைக் கழற்ற நான் ஸ்பேனர்மேல் காலை வைத்து மிதிக்க வேண்டியிருந்தது.

கூலி வராமல் தறி பாதி நாள் நின்ற சமயம் அது. வண்டிக்கு ஆயில் வாங்கக் காசில்லை. குறையக் குறைய, தறிக்கு வைத்திருந்த ஆயிலை எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணி மாதிரி இருக்கும் அது, இன்ஜின் சூட்டுக்கு எங்கே தாங்கும்? காசில்லை என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழியை உன்மேல் போடுவது சுலபமாக இருந்தது. அதற்கப்புறம் என் முன்னால் நீ ஸ்பேனரைத் தொட்டதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. பதினாலு வருஷம் ஆகிறது. சொல்லியிருந்தால் அம்மா ஒரு பாட்டம் திட்டியிருப்பாள், அப்புறம் தோசை ஊற்றித் தந்திருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஆடி நோம்பிக்கு வா. சிந்தெடிக் ஒரு லிட்டர் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், போல்ட்டுக்குப் புது வாஷரும் இருக்கிறது. அதுவரைக்கும் வாரா வாரம் அளவைப் பார். வந்ததும் நீயே மாற்று. நான் வெளிச்சம் பிடிக்கிறேன். நீ முடுக்கின போல்ட்டை அப்புறம் நான் திருகிப் பார்க்க மாட்டேன்.

முறுக்கு மேலே இருக்கிறது, நொறுங்காமல் எடு.

அப்பா