பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுமுன்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சிறு பதிப்பாளர்களுக்கும் சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். திருவல்லிக்கேணியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் கட்டும் வேலை செய்கிறவன் நான். உங்களில் சிலருடைய புத்தகங்கள் என் கைவழியாகத்தான் பாரம் பாரமாக அச்சகத்துக்குப் போயின. இப்போது பக்கம் கட்டும் வேலை குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக மாதம் இரண்டு பேராவது போன் செய்து, "அண்ணே, பழைய ஃபைல் ஒண்ணு திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்கிறார்கள். பார்க்கிறேன். பாதிக்குமேல் கைவிரிக்க வேண்டியிருக்கிறது. அந்த வருத்தத்தில்தான் இந்த மடல்.

போன மார்கழியில் ஒரு பெரியவர் வந்தார். புத்தகக் காட்சிக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பை மறுபதிப்புப் போடவேண்டும். இருபது வருடத்துக்கு முன் வேறொரு கடையில் பக்கம் கட்டிய புத்தகம் அது. "கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போயிடுச்சு தம்பி. ஆனா எல்லாத்தையும் சிடியில போட்டு வாங்கிட்டேன்" என்று பெருமையாக ஒரு சிடியை நீட்டினார். சிடி நன்றாகவே படித்தது. உள்ளே பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளின் கோப்புகள் பதினான்கு, கதைக்கு ஒன்றாக. வேறொன்றும் இல்லை.

பேஜ்மேக்கர் 6.5-இல் முதல் கோப்பைத் திறந்தேன். இல்லாத எழுத்துருவுக்குப் பதில் எதைப் போடட்டும் என்று ஒரு பெட்டியில் கேட்டது. அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கும். சரி என்று அழுத்தினால், வரி வரியாக ரோமன் எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் வாலும் தலையும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும். பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வைரஸா?" என்றார். வைரஸ் இல்லை. அவருடைய கதைகள்தான் அவை. தமிழாகக் காட்டத் தெரிந்த எழுத்துரு அந்தப் பழைய கம்ப்யூட்டரோடு எடைக்குப் போய்விட்டது.

இது ஏன் என்று கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கோப்பில் தமிழே கிடையாது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் நடத்திய இதழ்களிலும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. ஜே இருக்கும் இடத்தில் 'த' வரைந்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இதிலும் ஒரு கடைக்கு ஒரு முறை, ஒரு மென்பொருளுக்கு ஒரு முறை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாப், டாம் என்ற இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது. அதே காலத்தில் இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு முறை இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) எல்லோர் கைக்கும் வர இன்னும் பல வருடம் ஆயிற்று. அதுவரை ஒரு கடையில் அடித்தது அடுத்த கடையில் புரியாது.

பெரியவரிடம் அச்சுப்பிரதி ஒன்று இருந்ததால் பிழைத்தோம். அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, கோப்பில் இந்தக் குறி வரும் இடத்தில் புத்தகத்தில் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். முதல் நாள் முழுவதும் உயிர்மெய்க்கே போயிற்று. 'ணு', 'னு', 'று' மூன்றையும் பிரிக்க இன்னொரு நாள். மூன்றாம் நாள் மாலையில் முதல் கதை தமிழில் ஓடியது. அந்த அச்சுப்பிரதியையும் கரையான் தின்றிருந்தால்? பதினான்கு கதைகளையும் குப்பை என்று நினைத்து நானே அழித்திருப்பேன்.

ஆகவே முதல் வேண்டுகோள்: 'ஃபைலை மட்டும்' காப்பி செய்து வாங்கிக்கொள்ளாதீர்கள். கோப்பு, அது பயன்படுத்திய எழுத்துருக்கள், படங்கள், அதைத் திறக்கும் மென்பொருள் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் புத்தகம். படங்களைத் தனியாகச் சொல்லக் காரணம், பேஜ்மேக்கர் பெரிய படத்தைப் பெரும்பாலும் உள்ளே வைத்துக்கொள்ளாது. 'டி டிரைவில் இந்த ஃபோல்டரில் இருக்கிறது' என்று முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். டி டிரைவ் போனால் அட்டைப்படமும் போயிற்று.

அடுத்தது, கம்ப்யூட்டரை விட்டு இவற்றை எப்படி வெளியே எடுப்பது என்பது. இங்கேதான் ஆர்வக்கோளாறில் பலர் கெடுக்கிறார்கள். பத்து வருடமாக அட்டத்தில் கிடந்த பெட்டியை இறக்கி, தூசி தட்டி, பிளக்கை மாட்டி, 'ஓடுதா பாப்போம்' என்று போட்டுப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் எத்தனை முறை சுற்றும் என்று யாருக்கும் தெரியாது. அதில் ஒரு முறையை வேடிக்கை பார்க்கச் செலவழிக்காதீர்கள். நான் செய்வது இதுதான்: பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி, அதன் பழைய ஐடிஇ இணைப்பை யூஎஸ்பி ஆக்கும் கருவியில் மாட்டி, லினக்ஸில் முழு டிஸ்க்கையும் ஒரே படிமமாக, அதாவது அச்சு அசலான ஒரே நகல் கோப்பாக எடுத்துவிடுவேன். கருவி சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. மற்ற எல்லா வேலையும் அந்தப் படிமத்தின்மேல்தான். அசலை மறுபடி தொடமாட்டேன்.

டிஸ்க்கைக் கழற்றாமல் எடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் சுற்றி வளைக்க வேண்டும். விண்டோஸ் 98-இல் பென்டிரைவைச் செருகினால் 'டிரைவர் எங்கே?' என்று கேட்கும். அந்த டிரைவரைக் கொண்டுபோகப் பிளாப்பியோ சிடியோ வேண்டும். உங்கள் பென்டிரைவ் என்டிஎஃப்எஸ்-இல் ஃபார்மேட் ஆகியிருந்தால் டிரைவர் போட்டும் பயனில்லை, 98-க்கு ஃபேட் மட்டும்தான் தெரியும். கேபிள் போட்டு நெட்வொர்க்கில் சேர்க்கலாம் என்றால், 98 பேசும் பழைய பகிர்வு மொழியைப் புதிய விண்டோஸ் பாதுகாப்புக் கருதி 2017 முதல் மூடியே வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியும் பேத்தியும் மாதிரி. ஒரே சுவர், ஆனால் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் ஏறாது.

எஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறை மட்டும் இருவர் காதிலும் ஏறும். அதில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிற்றிதழின் நாலு வருடக் கோப்புகளை 98-இலிருந்து லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு எஃப்டிபியில் அனுப்பினேன். எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. திறந்தால் ஒன்றும் திறக்கவில்லை. அளவைப் பார்த்தேன், ஒவ்வொரு கோப்பும் சில பைட்டுகள் இளைத்திருந்தது. விண்டோஸின் எஃப்டிபி, நாம் வேறு சொல்லாவிட்டால், எல்லாவற்றையும் வெறும் உரை என்றே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் வரி முடிவுக்கு 13, 10 என்று இரண்டு எண்கள். லினக்ஸில் 10 மட்டும். பேஜ்மேக்கர் கோப்புக்குள் தற்செயலாக 13, 10 வந்த இடத்திலெல்லாம் 13-ஐ அது விசுவாசமாக உருவிப் போட்டிருக்கிறது. அனுப்புமுன் 'பைனரி' என்று ஒரு சொல் அடித்திருக்க வேண்டும். நல்லவேளை, பழைய டிஸ்க்கை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்று அந்த ஆசிரியர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மேக்கில் பக்கம் கட்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பழைய 800 கே மேக் பிளாப்பியை எந்த பிசி டிரைவும் படிக்காது. அதை எழுதும்போது மேக் டிரைவ் சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எழுதியிருக்கும். யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கியும் பயனில்லை. 1.44 எம்பி பிளாப்பியானால் வழி உண்டு. இன்னொரு கண்ணி, பழைய மேக்கில் ஒரு கோப்புக்கு இரண்டு பாதிகள் உண்டு. அப்படியே விண்டோஸ் டிஸ்க்கில் போட்டால் ஒரு பாதி நழுவிவிடும். எழுத்துருவுக்கு உயிரே அந்த இரண்டாம் பாதிதான். பெயர் இருக்கும், அளவு பூஜ்யம் என்று காட்டும். மேக்கிலேயே ஸ்டஃபிட் என்ற சுருக்கும் மென்பொருளைப் போட்டுச் சுருக்கி, அப்புறம்தான் வெளியே எடுக்கவேண்டும். இப்போதைய மேக் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். 2019-இல் வந்த கேட்டலினாவோடு ஹெச்எஃப்எஸ் என்ற பழைய மேக் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்குகளைப் படிப்பதை அது நிறுத்திவிட்டது.

மென்பொருள் பக்கம் வந்தால், பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7.0-உடன் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை அதன் கோப்புகளைத் திறந்தது. பின்னால் வந்தவை திறக்காது. டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கும் இவற்றைச் செய்யும் அடோபி நிறுவனம் 2023 ஜனவரியோடு கதவைச் சாத்திவிட்டது. நான் வேலைக்கு வைத்திருப்பது புதுக் கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு பொய்க் கம்ப்யூட்டர். அதில் விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், எழுத்துருக்கள் எல்லாம் இருக்கின்றன. அங்கே திறந்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டருக்கு அனுப்புவதுபோல் அனுப்பி, காகிதத்துக்குப் பதில் கோப்பில் இறக்கி, பிடிஎஃப் ஆக்கிவிடுவேன். பக்கம் அன்று எப்படி இருந்ததோ அப்படியே வரும், வரி முறியும் இடம்கூட மாறாது.

ஆனால் பிடிஎஃப் கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்குச் சண்டை. கண்ணுக்கு அது தமிழ். தேடினால் ஒன்றும் அகப்படாது, காப்பி செய்தால் மறுபடி அதே ஜே, கே, பி. மறுபதிப்பில் ஒரு பிழை திருத்தவேண்டுமானால்கூட மொத்தமும் திரும்ப அடிக்கவேண்டும். கூடவே ஒருங்குறி உரையையும் கேட்டு வாங்குங்கள். வாங்கினால் ஒரு முறை பிழை திருத்தமும் பாருங்கள். பழைய எழுத்துருவில் கொம்பு முதலில் வரும், எழுத்து பின்னால், ஒருங்குறியில் தலைகீழ். மாற்றும் நிரல் எங்காவது சறுக்கினால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிழையாவது கண்ணில் படும். படாத ஒன்று இருக்கிறது: 'ஔவை' என்பது 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாகச் சேர்ந்து 'ஒளவை' ஆகியிருக்கும். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேடும்போது புத்தகத்தில் ஔவையே இல்லை என்று வரும்.

இதெல்லாம் கூலிக்கு ஆள் பிடிக்கும் தந்திரம் என்று யாராவது சொன்னால், சொல்லட்டும். செய்முறை முழுவதையும் மேலேயே எழுதிவிட்டேன். கொஞ்சம் கம்ப்யூட்டர் பழகிய உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு வார இறுதியில் செய்துவிடும். நான் கேட்பது, இனி எந்தக் கடையில் பக்கம் கட்டினாலும் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் எழுத்துரு, படம், ஒருங்குறி உரை எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள் என்பது. கடைக்காரர் முகம் சுளிப்பார். நானே சுளித்திருக்கிறேன். அந்தக் காலத்தில் எழுத்துருவைக் கொடுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் எங்களுக்கு. அதனால் இன்று நஷ்டப்பட்டு நிற்பது நீங்கள்.

பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போதுதான் இந்தப் பெட்டிகள் தெருவுக்கு வருகின்றன. போகிக்கு முன்னால் ஒரு முறை யோசியுங்கள். கம்ப்யூட்டரைக் கொண்டுவருவதானால் மானிட்டர் வேண்டாம், பெட்டி மட்டும் போதும். பின்பக்கம் பிரிண்டர் மாட்டும் இருபத்தைந்து ஊசித் துளையில் தீப்பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறச் சாமான் செருகியிருந்தால், உடைசல் என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். உங்கள் தமிழ் மென்பொருளின் பூட்டு அதுதான். அது இல்லாமல் அந்த மென்பொருள் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்காது.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு டிடிபி ஆள்