டால்பின் நோஸோடு பாதை முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரச் சுற்றுலாப் பக்கத்தில் கொடைக்கானலை அடுத்த வட்டக்கனலின் டால்பின் நோஸ் பாறை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கூடவே போட்டிருந்த வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை அந்தப் பாறையோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் பச்சை வண்ணம். அந்த மலையின் அடிவாரத்திலுள்ள பெரியகுளத்துக்காரனான எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பச்சைக்குள் வெள்ளகவி என்று ஓர் ஊர் இருக்கிறது.

போன ஜனவரியில் பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள் ஐந்து பேர் அந்தப் பாதையில் நடந்தோம். எல்லோருக்கும் ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. அரசின் மலையேற்றத் திட்டத்தில் வட்டக்கனல் - வெள்ளகவி வழியும் இருப்பதால், முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போனோம். மதுரையிலிருந்து வந்த நண்பர் காருக்கு இ-பாஸ் எடுத்திருந்தார். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை என்பது தெரிந்து, வீட்டிலிருந்து பித்தளைச் செம்பையே தூக்கி வந்துவிட்டார். நாள் முழுக்க அது அவர் பையில் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது.

வட்டக்கனலிலிருந்து டால்பின் நோஸ் வரை சரியான இறக்கம். மரங்களின் வேர்கள்தான் படி. பனி விழுந்த காலை என்றால் அந்த வேர் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். தங்கள் கட்டுரையாளர் இதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, பாறையின் நுனிவரை போய்ப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்! ஏறத்தாழ 6,600 அடி உயரத்தில் கம்பி வேலியில்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை அது. நாங்கள் போனபோது ஒரு பையன் நுனியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தான். அவன் நண்பன் செல்போனைப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் முன்னாடி" என்கிறான். எங்களுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நான்கு அடி பின்னால் நின்றாலும் அதே மலைதான், அதே மேகம்தான் தெரிகிறது.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மூடுபனி. எலுமிச்சை டீ குடித்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். ஒன்பது மணி சுமாருக்குத் திரை விலகி, முதலில் எதிர்மலை, அப்புறம் கீழே சமவெளி, தூரத்தில் வைகை அணைத் தண்ணீர் தகடுபோல. எங்கள் ஊர் மாந்தோப்புகள் வெறும் கரும்பச்சைத் திட்டுகளாகத் தெரிந்தன. வாழ்நாள் முழுக்க அண்ணாந்து பார்த்த மலையிலிருந்து குனிந்து சொந்த ஊரைப் பார்ப்பது வேடிக்கையான அனுபவம். அவரவர் வீட்டைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஆளுக்கொரு திசையில் விரலை நீட்டினோம். ஒருவர் காட்டியதும் சரியாக இருந்திருக்காது.

அங்கிருந்துதான் கட்டுரையில் இல்லாத பாதை தொடங்குகிறது. சிறிது தூரம் இறங்கியதும் கீழேயிருந்து மணிச் சத்தம். பொதிக்குதிரை இரண்டு, முதுகின் இரு பக்கமும் மூட்டைகள். "சார், மலைப்பக்கம் ஒதுங்குங்க, பள்ளத்துப் பக்கம் நிக்காதீங்க" என்று பின்னால் வந்த பெரியவர் குரல் கொடுத்தார். மூட்டை இடித்தால் ஆள் பள்ளத்துக்குப் போய்விடுவான் என்பது அதற்கப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. குதிரை உரசிக்கொண்டு போனபோது சாக்கின் ஓட்டை வழியாக ஒரு பட்டர் ஃப்ரூட் எட்டிப் பார்த்தது. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விளைச்சலை மேலே ஏற்றியதும், அரிசி பருப்பைக் கீழே இறக்கியதும் இந்த வழியில்தான். நோயாளிகளைத் தோளில் சுமந்ததும் இதே வழியில்தான்.

எனக்கு அவர்களைச் சின்ன வயதிலேயே தெரியும். பெரியகுளம் மார்க்கெட்டில் என் அப்பாவுக்குக் கமிஷன் கடை. வெள்ளகவியிலிருந்து அடிவாரத்துக் கும்பக்கரை வழியாக எலுமிச்சை மூட்டையோடு இறங்கி வருவார்கள். நேரமாகிவிட்டால் கடைத் திண்ணையிலேயே படுத்து விடிகாலையில் மலையேறுவார்கள். காலில் செருப்பு இருக்காது. வறுமை என்று நினைத்திருந்தேன். வெள்ளகவியில் கோயில்கள் அதிகம், அதனால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை என்று அப்பா ஒருநாள் சொன்னார். இந்த முறை எங்கள் வழிகாட்டியும் ஊர் எல்லையில் நின்று, "இங்கயே கழட்டிடுங்க" என்றார். மதுரை நண்பர் புதிதாக வாங்கிய மலையேற்ற ஷூவின் கயிற்றை அவிழ்க்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. இரண்டையும் முடிச்சுப்போட்டுக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டுக்கொண்டு, சரளைக் கல்லில் 'ஆ, ஊ' என்று அவர் நடந்த நடையைப் பார்த்து அந்த ஊர்ப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

இன்னொன்று. இந்த மலையை யாரோ இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியபோது, இப்போது பஸ் ஏறும் காட்ரோடு கிடையாது. அது 1910-களில்தான் வந்தது. அதுவரை பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்துதான் ஏற்றம். துரைமார்கள் நாற்காலியில் போனார்கள், நம்மாட்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1875-ல் அம்மையநாயக்கனூருக்கு (இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம்) ரயில் வந்த பிறகும் கடைசி ஏற்றத்துக்குத் தோள்தான் கதி. பழைய பாதைக்குக் 'கூலி காட்', அதாவது கூலிகளின் மலைப்பாதை, என்றே பெயர் வைத்திருந்தார்கள். கட்டுரையில் ஆம்லெட் கடைகளுக்குக் கொடுத்த பத்தியில் பாதி இடமாவது இந்தக் கதைக்குக் கிடைத்திருக்கலாமே! (ஆம்லெட் நன்றாகத்தான் இருந்தது, அதில் எனக்கு வழக்கு இல்லை.)

திரும்பி ஏறும்போது நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். சிப்ஸ் பாக்கெட் உறைகள் டால்பின் நோஸுக்குக் கீழே கொஞ்ச தூரம் வரைதான் கிடந்தன, அதற்கப்புறம் இல்லை. கட்டுரையின் வரைபடம் முடிகிற இடத்திலேயே குப்பையும் முடிகிறது.

அடுத்த முறை அந்த வரைபடத்தை வெளியிட நேர்ந்தால், தயவுசெய்து புள்ளிக்கோட்டைப் பாறையில் நிறுத்தாதீர்கள். வெள்ளகவி, அதற்குக் கீழே கும்பக்கரை, பிறகு பெரியகுளம். இடம் போதாவிட்டால் எங்கள் ஊரை விட்டுவிடுங்கள், வெள்ளகவியை மட்டும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பெரியகுளம்.