ஓக்லாந்தின் கடைசி சீசன்: பழியை ரசிகர்கள் மேல் போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணி ஊரை விட்டுப் போனது பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழில் பேஸ்பால் பற்றி எழுதுகிறார்களே என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஆட்டம் பார்க்க ஆள் வரவில்லை, அதனால் அணி கிளம்பிவிட்டது என்று ஒரே வரியில் முடித்திருந்த இடத்துக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. 2024 சீசனையே 93 தோல்வி என்று சொல்லிவிட்டு அப்படியே தாண்டிப் போயிருக்கிறார் கட்டுரையாளர். நான் பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டில் இருப்பவன், பார்ட் ரயிலில் அந்த ஸ்டேடியத்துக்குப் போய் வந்தவன். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஆள் வராத கதை. 1990இல் இதே ஓக்லாந்து கொலிசியத்துக்கு ஒரே சீசனில் 29 லட்சம் பேர் வந்தார்கள். அது பழைய கதை என்றால் 2019ஐப் பாருங்கள். டாம்பா பே அணியுடன் நடந்த ஒற்றை ஆட்ட ப்ளே-ஆஃபுக்கு 54,005 பேர் வந்து உட்கார்ந்தார்கள், அந்த வகை ஆட்டத்துக்கு அதுவே சாதனை. அணி தோற்றது, அது வேறு விஷயம். 2018லும் 2019லும் தலா 97 வெற்றி, 2020இல் தங்கள் பிரிவில் முதலிடம். இப்படி ஓர் அணி கையில் இருந்தால் எந்த முதலாளியும் இன்னும் கொஞ்சம் செலவு செய்து கோப்பைக்குப் போகத்தான் பார்ப்பார். இங்கே நடந்ததோ நேர் எதிர். 2022 சீசன் தொடங்கும் நேரத்தில் சில வாரங்களுக்குள் முக்கிய ஆட்டக்காரர்களான மேட் ஓல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயா எல்லோரையும் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஓல்சன்தான் அடுத்த ஆண்டே அட்லாண்டாவுக்காக 54 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஆட்களை அனுப்பியது போதாதென்று சீசன் டிக்கெட் விலையையும் ஏற்றினார்கள். அணி 102 ஆட்டம் தோற்றது, அந்த வருடம் வந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் குறைவு. 2023இல் 112 தோல்வி. அப்புறம் அந்த வெறும் நாற்காலிகளைப் படம் எடுத்துக் காட்டி, ஓக்லாந்துக்கு அணி வைத்துக்கொள்ளும் தகுதி இல்லை என்று பேசினார்கள். காலியாக்கியது யார் என்ற கேள்வியை உங்கள் கட்டுரை கேட்கவே இல்லை.

புது ஸ்டேடியம் கட்ட இடம் கிடைக்கவில்லை என்ற வாதமும் அதில் இருந்தது. அந்தத் தேடல் எங்கள் ஊருக்கே வந்தது. 2006இல் ஃப்ரீமான்ட்டில் கட்டப்போவதாக அறிவித்தார்கள், 2009இல் கைவிட்டார்கள். பிறகு சான் ஹோசே. அது சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் எல்லை என்று சொல்லி லீக் தடுத்தது, அதை எதிர்த்து சான் ஹோசே நகரம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2015இல் முடிந்தது. பிறகு ஓக்லாந்துக்குள்ளேயே ஒரு கல்லூரிப் பக்கத்து நிலம், பிறகு துறைமுகத்தை ஒட்டிய ஹவர்ட் டெர்மினல். நகராட்சி ஹவர்ட் டெர்மினலுக்காகப் பேசிக்கொண்டிருக்கும்போதே முதலாளி ஜான் ஃபிஷர் தரப்பு லாஸ் வேகாஸில் நிலம் பார்த்துவிட்டது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம், அங்கே ஸ்டேடியம் கட்ட 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் தர 2023 ஜூனில் சட்டம் போட்டது.

அதே ஜூன் 13ஆம் தேதி என்ன நடந்தது என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். அணியின் பேரில் கோபமாக இருப்பவர்கள் ஸ்டேடியத்துக்கு வராமல் இருப்பதுதான் வழக்கம். ஓக்லாந்து ரசிகர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எல்லோருமாகச் சேர்ந்து வந்து உட்கார்ந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். 27,759 பேர். அணியை விற்றுவிடு என்று பொருள்படும் ஒற்றைச் சொல் அச்சடித்த பச்சை டி-ஷர்ட்டுகள், ஆட்டம் முழுக்க அதே கோஷம், வெளிப்பக்க கேலரியில் ஓயாத மேளம். டாம்பா பேயை அன்று 2-1 என்று ஜெயித்தது அணி, அது தொடர்ந்து ஏழாவது வெற்றி. இப்படிப்பட்ட ரசிகர்களைப் பார்த்தா ஆர்வமில்லை என்கிறீர்கள்? அந்த நவம்பரில் மற்ற முதலாளிகள் எல்லோரும் ஒருவர் பாக்கியில்லாமல் இடமாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள்.

சரி, 2024க்கு வருகிறேன். எனக்கு ரொம்ப முக்கியமான பகுதி இது. 30 அணிகளிலேயே மிகக் குறைந்த சம்பளப் பட்டியல், ஊரே கோபத்தில். முதல் ஆட்டத்தன்று பலர் உள்ளே போகாமல் கார் நிறுத்துமிடத்திலேயே கூடிக் கொண்டாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள், உள்ளே கிளீவ்லாந்திடம் 8-0 என்று தோல்வி. ஒரு வாரத்தில் அடுத்த அறிவிப்பு: லாஸ் வேகாஸ் ஸ்டேடியம் தயாராகும் வரை சாக்ரமென்டோவில், சிறிய லீக் (பெரிய லீக்குக்குக் கீழ்நிலை) அணி ஆடும் மைதானத்தில் ஆடுவோம் என்று. சீசன் ஆறு மாதம், 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும் இறங்கி ஆட வேண்டும். இந்தச் சூழலில் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசுப் பையன்களை வைத்துக்கொண்டு மேனேஜர் மார்க் காட்சே ஒரு அணியை உருவாக்கிக் காட்டினார் என்பதை உங்கள் கட்டுரையாளர் எப்படி விட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

சீசன் நடுவே ஜூலையில் வரும் இடைவேளை வரை 37 வெற்றி, 61 தோல்வி. அதற்குப் பிறகு 32 வெற்றி, 32 தோல்வி. சரிபாதி! முந்தைய வருடம் 112 தோற்ற அணிக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பேஸ்பால் பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிரென்ட் ரூக்கர் 39 ஹோம் ரன் அடித்தார், தன் அடிகளால் அணிக்கு 112 ரன் வரச் செய்தார். மேசன் மில்லர் கடைசி இன்னிங்ஸில் வந்து மணிக்கு 100 மைலுக்கு மேல் வீசி, முன்னிலையில் இருந்த 28 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். எனக்குப் பிடித்தவர் லாரன்ஸ் பட்லர். மே மாதம் அடிக்க முடியாமல் திணறி சிறிய லீக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர், திரும்பி வந்து ஜூலை 14 அன்று ஃபிலடெல்ஃபியாவில், அந்த லீக்கின் பலமான அணி ஒன்றுக்கு எதிராக, அவர்கள் சொந்த மைதானத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் 18-3. அன்று ஃபிலடெல்ஃபியாவைத் தேர்ந்தெடுத்து அடித்த மாதிரி இருந்தது எனக்கு, ஏனென்றால் இந்த அணி பிறந்ததே அந்த ஊரில்தான். அங்கிருந்து 1955இல் கான்சஸ் சிட்டி, 1968இல் ஓக்லாந்து. மூன்று ஊரிலும் அதிக காலம் நெஞ்சில் வைத்துக் கொண்டாடியவர்களில் ஓக்லாந்துக்காரர்கள் முன்வரிசை. 1972, 73, 74 மூன்று வருடம் தொடர்ந்து உலகத் தொடரை, அதாவது சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன் போட்டியை, வென்றது அங்கேதான், 1989இல் நாலாவது.

கடைசி ஆட்டம் செப்டம்பர் 26, வியாழக்கிழமை பகல். 46,889 பேர், இடமே இல்லை. இந்த அணியின் பழைய நட்சத்திரங்களான, ஓக்லாந்தில் வளர்ந்த ரிக்கி ஹெண்டர்சனும், அதே ஊர்ப்பிள்ளை டேவ் ஸ்டீவர்ட்டும் முதல் பந்தை எறிந்து ஆரம்பித்து வைத்தார்கள். பந்து அடிபடுவதற்குக் காத்திராமல் ஓடி, 1,406 முறை அடுத்த பேஸை (ஓடிச் சேர வேண்டிய இடத்தை) திருடிய மனிதர் ரிக்கி, அந்தக் கணக்கை யாரும் நெருங்கியதுகூட இல்லை. மூன்று மாதம் கழித்து, டிசம்பரில், அவர் காலமானார். அவர் அந்த மைதானத்தில் கடைசியாக நின்றதை அத்தனை பேர் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஒரு ஆறுதல். எதிரில் ஆடிய டெக்சஸ் அணி அப்போது நடப்பு சாம்பியன். அவர்களை நம் ஓக்லாந்து அணி 3-2 என்று ஜெயித்தது, கடைசி விக்கெட் என்று நாம் சொல்வோமே, அந்தக் கடைசி அவுட்டை எடுத்தவர் மில்லர். யாரும் எழுந்து போகவில்லை. காட்சே மைக்கைப் பிடித்து ரசிகர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, ஓக்லாந்து பேரைச் சொல்லிக் கோஷத்தை அவரே ஆரம்பித்தார். பெரியவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். இதைப் பற்றி ஒரு வரி இல்லை உங்கள் பக்கத்தில்.

அணி இப்போது சாக்ரமென்டோவில் ஆடுகிறது, பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரே கிடையாது. வெறும் அத்லெடிக்ஸ். பட்லர், ரூக்கர் ஆடுவதை நான் இன்னும் பார்க்கிறேன், அந்தப் பையன்கள் மேல் எந்தக் கோபமும் இல்லை.

கட்டுரையாளர் விட்ட இன்னொன்று. மேற்கு ஓக்லாந்தில் ரைமாண்டி பூங்காவில் 2024லேயே ஓக்லாந்து பாலர்ஸ் என்று ஒரு சிறிய அணி பயனியர் லீக்கில் ஆட ஆரம்பித்தது. சாதாரண ரசிகர்களும் அதில் பங்கு வாங்கியிருக்கிறார்கள். 2025இல், இரண்டாவது சீசனிலேயே, லீக் கோப்பையை வென்றுவிட்டார்கள். கொலிசியத்துக்கு வந்துகொண்டிருந்த பலரை அங்கே அதே பச்சை, மஞ்சள் நிறத்தில் பார்க்கலாம். அடுத்து ஓக்லாந்து பற்றி எழுதும்போது, கட்டுரையாளரை அந்தப் பூங்காவில் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். ஃப்ரீமான்ட் வரை வந்தால் நானே அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா