விசுவாசியின் குற்றத்தை விசுவாசத்தின் கணக்கில் எழுதுபவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

“ஞாயிறு பூசையில் கண்ணீர் விடுகிறான், திங்கட்கிழமை தன்னிடம் வட்டிக்குக் கடன் வாங்கியவன் கழுத்தை நெரிக்கிறான். இதுதானா உங்கள் கத்தோலிக்கம்?” எங்களிடம் நீங்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த அச்சில்தான் வருகின்றன. ஜெபமாலையும் கையுமாகப் புறம் பேசும் பக்தை, சொத்துக்காக உடன்பிறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்த பங்குப் பேரவை உறுப்பினர், பணத்தாசை பிடித்த குரு. இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். உங்களைவிட எங்களுக்கு இவர்களை நன்றாகத் தெரியும். ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம். ஆனால் இவர்களைக் கூண்டில் ஏற்றி விசாரித்துவிட்டு, தண்டனையை மட்டும் விசுவாசத்துக்கு விதிக்கிறீர்களே, அங்கேதான் என் ஆட்சேபம்.

இந்த வழக்குக்கு வயது ஆயிரத்தெழுநூறு. கி.பி. 303-இல் ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் திருநூல்களை ஒப்படைக்கச் சொல்லி ஆணையிட்டபோது, உயிருக்கு அஞ்சிச் சில ஆயர்களும் குருக்களும் கொடுத்துவிட்டார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும் வட ஆப்பிரிக்காவில் கேள்வி எழுந்தது: அந்தக் கைகள் கொடுத்த திருமுழுக்கும் குருப்பட்டமும் செல்லுமா? கார்த்தேஜின் புதிய ஆயரைத் திருநிலைப்படுத்தியவர்களில் ஒருவர் அப்படிப்பட்டவர் என்று சொல்லி ஒரு கூட்டம் பிரிந்தது. (அவர் நிரபராதி என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. பிளவோ நூறாண்டுக்கும் மேல் நீடித்தது.) தொனாத்தியர் என்று பெயர் பெற்ற அவர்கள், தூயவர்கள் மட்டுமே உள்ள திருச்சபையைக் கேட்டார்கள். 314-இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள் அதற்கு இணங்கவில்லை. பின்னால் வந்த ஆயர் அகுஸ்தீன் இன்னும் துணிந்து சொன்னார்: பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே.

கொடுப்பவர் எப்படிப்பட்டவரானாலும் கொடுத்தது செல்லும் என்ற இதை, குருக்களைக் காப்பாற்ற எழுதிய சட்டம் என்று நீங்கள் நினைக்கலாம். யாருக்கு இதில் லாபம் என்று பாருங்கள். சாகக் கிடக்கும் ஒருவருக்கு நோயில்பூசுதல் கொடுக்கக் குரு வருகிறார். அந்தக் குரு நேற்று எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று படுக்கையில் கிடப்பவர் விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா? நெற்றியில் எண்ணெய் படும் அந்த நேரத்தில் அவருக்குக் கிடைப்பது, கொடுப்பவரின் யோக்கியதையில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. இந்தப் போதனை அவருக்காகத்தான்.

திருமுழுக்கு, நோயில்பூசுதல் போன்ற அருட்சாதனம் செல்லும் என்பது ஒன்று, கொடுத்தவர் பதவியில் நீடிக்கலாம் என்பது முற்றிலும் வேறு. குழந்தைகளிடம் அத்துமீறிய குருக்களையும், செய்தி வெளியே வராமல் அவர்களை ஊர் மாற்றி அனுப்பிய ஆயர்களையும் பற்றி நீங்கள் எழுதும்போது எனக்கு உங்களோடு வாதமே இல்லை. அது “பலவீனம்” என்ற சொல்லுக்குள் அடங்காது. குற்றம், போலீசும் நீதிமன்றமும் பார்க்க வேண்டிய குற்றம். அத்தகைய புகார்களைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பது குருக்களுக்கும் துறவியருக்கும் கட்டாயம் என்று உலகம் முழுமைக்கும் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமாக்கியது 2019-இல்தான். மிகவும் தாமதம். அகுஸ்தீனை மேற்கோள் காட்டி அந்தத் தாமதத்தை நியாயப்படுத்துகிறவர் எங்கள் பக்கத்து ஆள் என்றாலும் அவரோடு நான் சண்டை போடுவேன்.

இன்னொன்று. எங்களை நல்லவர்கள் என்று நாங்கள் எப்போது சொல்லிக்கொண்டோம்? திருப்பலியின் தொடக்கத்திலேயே மார்பில் தட்டி “என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே” என்கிறோம். பீடத்தில் நிற்கும் குருவும் அதையே சொல்கிறார். குருத்து ஞாயிறன்று இயேசுவின் பாடுகளின் வரலாறு பகுதி பகுதியாக வாசிக்கப்படும்போது, கூட்டத்தின் குரல் பல இடங்களில் மக்களுக்கு வரும். கையில் குருத்தோலையோடு நின்று, பட்டுப் புடவையும் சலவைச் சட்டையுமாக வந்தவர்கள் ஒரே குரலில் கத்துகிறார்கள்: “சிலுவையில் அறையும்!” எங்கள் முதல் தலைவர் பேதுரு ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்குப் பயந்து, இயேசுவைத் தெரியாது என்று சபித்து ஆணையிட்ட கதையும் அன்று வாசிக்கப்படுகிறது. மறைக்க நினைத்திருந்தால் நான்கு நற்செய்திகளிலும் பேதுருவின் மறுதலிப்பு எப்படி இடம்பெற்றிருக்கும்? 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபை மக்களின் பாவங்களுக்காக வெளிப்படையாகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். போதாது என்றார்கள் சிலர், இருக்கலாம். ஆனால் நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லித்தான் எங்களுக்கு இவையெல்லாம் தெரிய வந்தன என்பதுபோல் பேசாதீர்கள்.

“கனிகளைக் கொண்டு மரத்தை அறிவீர்கள் என்று உங்கள் இயேசுவே சொன்னாரே?” உங்கள் வாதங்களில் வலுவானது இதுதான். அந்த வசனம் போலி இறைவாக்கினரைப் பற்றியது என்று சொல்லி நழுவ எனக்கு மனமில்லை. பார்ப்போம் கனிகளை. ஆனால் போதனையை உதறியவனை மட்டும் பொறுக்கி எடுக்காமல், அதன்படி நடந்தவனையும் பாருங்கள். 1873-இல் ஹவாயின் மொலோக்காய் தீவில் ஒதுக்கப்பட்ட தொழுநோயாளிகளிடம் போன குரு தமியான், புண்களுக்குக் கட்டுப் போட்டார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். கடைசியில் அதே நோய் கண்டு 1889-இல் இறந்தார். அவர் பிடிவாதக்காரர், மேலதிகாரிகளோடு உரசல். இறந்த பிறகு அவர் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு போதகர் கேவலமாக எழுதவும் செய்தார். உங்கள் முறைப்படி நடந்தால் அந்த உரசல்களைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட கைகளை விட்டுவிட வேண்டியிருக்கும்.

எங்கள் விசுவாசத்தைத் தாக்க எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று திருத்தூதர் பவுலே கொரிந்தியருக்கு எழுதிவைத்திருக்கிறார்: கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் எங்கள் போதனையும் வீண், உங்கள் விசுவாசமும் வீண். அங்கே வாருங்கள். கல்லறை ஏன் வெறுமையாக இருந்தது, ஓடி ஒளிந்தவர்கள் ஏன் திரும்பி வந்து சாகத் துணிந்தார்கள், அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்பதை எப்படி ஏற்பது என்று கேளுங்கள். பதில் சொல்ல நான் திணறலாம். படித்துவிட்டு வருகிறேன் என்று அவகாசமும் கேட்கலாம். என் பக்கத்து பெஞ்சுக்காரர் வாங்கும் வட்டியின் கணக்கை மட்டும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அதே பெஞ்சில் உட்காரும் ஒரு கத்தோலிக்கர்