ஐந்து மைலுக்கு அந்தப் பக்கம்: விசைப்படகு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விசைப்படகு உரிமையாளர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

பங்குனி ஆமையை, அதாவது ஆலிவ் ரிட்லி கடலாமையைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த இதை எழுதவில்லை. அது எந்த மாதம் கரையை நெருங்கும், எந்தத் தண்ணீரில் சுற்றும் என்பதெல்லாம் எங்களைவிட உங்கள் டிரைவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2025 ஜனவரியில் சென்னையைச் சுற்றியுள்ள கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கியதும், பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டதும் நீங்கள் அறிந்ததுதான். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி தொடங்கி ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வரும்வரை, ஐந்து கடல் மைலுக்கு வெளியே மடி, அதாவது இழுவலை, இழுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

போன சனிக்கிழமை இரவு நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை நடந்தோம். சீசனில் வாரம் ஒருநாள் நான் போவது வழக்கம். தாய் ஆமை முட்டையிட ஏறியிருந்தால் ஈர மணலில் டிராக்டர் டயர் பதிந்த மாதிரி தடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போய்க் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை நாய்க்கும் நரிக்கும் கொடுக்காமல் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவது எங்கள் வேலை. அன்று தடம் ஒன்றுமில்லை. வாடைதான் வந்தது.

ஒரே ஆமையை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஓட்டின் மேல் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போடுவோம். அன்றைக்கு ஆறு கோடு. எல்லாவற்றுக்கும் கண் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்தது. உடம்பில் வெட்டுக்காயம் இல்லை. நான்காவதை நாய்கள் எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டன. வயிறு கிழிந்து, முட்டைகள் மணலில் பிங்பாங் பந்து மாதிரி கிடந்தன, எண்பதுக்கும் குறையாது. முதல் தடவை வந்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன், "அக்கா, இதைக் குழியில் வைத்தால் பொரிக்குமா?" என்று கேட்டான். பொரிக்காது, கெட்டுவிட்டது என்றேன். அப்படியும் மூன்றைப் பொறுக்கித் தன் பையில் வைத்துக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆமை முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். கரைக்கு அரை மணி நேரத் தூரத்தில் வந்து செத்திருக்கிறது.

எப்படிச் செத்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆமைக்கு நம்மைப்போல நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். மடியை இறக்கினால் இரண்டு மணி, மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஏற்றுகிறீர்கள். உள்ளே மாட்டியது மூச்சுக்கு முட்டி மோதி, தண்ணீரைக் குடித்துச் சாகிறது. இதில் இன்னொன்றும் உண்டு. மடியோடு மேலே வரும்போது அசையாமல் கிடக்கிற எல்லா ஆமையும் செத்ததில்லை. சிலது மயங்கித்தான் கிடக்கும். குப்புறப் படுக்கவைத்து, பின்பக்கத்துக்குக் கீழே வலைச் சுருளையோ டயரையோ முட்டுக் கொடுத்து, முதுகு ஓட்டை ஈரத் துணியால் மூடிச் சில மணி நேரம் விட்டால், நுரையீரல் தண்ணீர் வடிந்து எழுந்துவிடுவதுண்டு. செத்துப்போச்சு என்று உடனே கடலில் தள்ளினால் அப்போதுதான் நிஜமாகவே சாகும்.

என் அப்பா ஃபைபர் படகுக்காரர். 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று ஊரில் சொல்வார்கள். அவரோ ஆமை புகுந்த வலையைக் கண்டால் முதலில் கும்பிடுவார், அப்புறம் கத்தியை எடுத்து வலையை அறுப்பார். ஆமையை விட்டுவிட்டு வந்து, மறுநாள் வாசலில் உட்கார்ந்து அதே வலையைத் தைப்பார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே நூல் எடுத்துக் கொடுப்பார். அந்த வலையில் ஆமை போட்ட ஓட்டையைவிட, ராத்திரியில் கரைப்பக்கம் வந்த இழுவைப்படகு வாரிக்கொண்டு போனதுதான் அதிகம். ஐந்து மைலுக்குள் இருப்பது ஆமை மட்டுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அது சட்டப்படி சின்னப் படகுகளுக்கு ஒதுக்கிய கடல். 1983-லிருந்து தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. நீங்களும் படித்திருப்பீர்கள்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. டீசல் விற்கிற விலை, படகின் மேல் வாங்கிய கடன், ஐஸ் கட்டி, ஆட்களுக்குப் பங்கு. வெளியே போனால் செலவு கூடும், கரையோரம் இறால் கிடைக்கும். சரி. அப்படியானால் உள்ளே புகுந்த ஆமையை வெளியே விடும் கம்பிச் சட்டமான ஆமை விலக்கியையாவது மடியில் மாட்டலாமே என்றால், மீன் போய்விடும் என்கிறீர்கள். அந்தக் கம்பிச் சட்டத்தை ஏதோ ஆமைப் பைத்தியங்கள் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சிங்கி பூன் என்ற இறால் மீனவர் 1960-களின் கடைசியில் செய்தது. ஆமைக்காகக்கூட இல்லை, மடியை நிரப்பித் தொல்லை கொடுத்த சொறிமீனை வெளியே தள்ளுவதற்காக. சாய்வாக நிற்கும் கம்பிகளுக்கு இடையே இறால் உள்ளே போய்விடும், பெரிய உருப்படி சறுக்கி வெளியே போய்விடும். நம் தண்ணீருக்கு ஏற்றமாதிரி கொச்சி மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமும் ஒன்று செய்து வைத்திருக்கிறது. கொஞ்சம் மீன் போகும்தான். ஆனால் 2019-லிருந்து நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்காமல் இருப்பதற்கு இந்தக் கம்பிச் சட்டத்தை மாட்டாததுதான் காரணம். அந்த நஷ்டம் யார் கணக்கில் போகிறது?

உங்களை மட்டும் சொல்லி என்ன. மார்ச் மாதம் பொரிப்பகத்தில் ஆமைக்குஞ்சு விடுகிற நாளில் வந்து பாருங்கள். பெரிய மனிதர்கள், சினிமாக்காரர்கள், ரீல்ஸ் எடுக்கிறவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கும் அப்பாக்கள். குட்டி ஆமை தத்தித் தத்தி அலைக்குள் போவதற்குப் பின்னணியில் சோகப் பாட்டு வேறு. அதே கரையில் இருநூறு அடி தள்ளிக் கிடக்கும் தாயை ஒருவரும் படம் பிடிப்பதில்லை. அதற்கு லைக் விழாது. நாம் பிரியாணி ஆர்டர் செய்தால் கொண்டுவரும் பையன் எந்தச் சந்தில் நிற்கிறான் என்று போன் சொல்கிறது. கடலில் படகு எத்தனை மைலில் நிற்கிறது என்று சொல்ல டிரான்ஸ்பாண்டர் மாட்டியாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியிலும், ஆமை ஏன் சாகிறது என்று ஆராயக் குழு போடுகிறார்கள். குழுவுக்கு முந்திரி பக்கோடா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்து, புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்பை ஆமைக்கும் கொடுத்திருக்கிறோம் என்று பெருமை வேறு. புலி ஆறு செத்து ஒரே ராத்திரியில் பெசன்ட் நகரில் ஒதுங்கியிருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும்!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களிடம் பேச வந்துவிட்டு ஊரைத் திட்டுவதில் பயனில்லை. அதிகாரிகள் ரோந்து வந்தால்தான் என்றில்லை, உங்கள் சங்கம் ஒரு கூட்டம் போட்டு இந்த மூன்றரை மாதம் உள்ளே வரமாட்டோம் என்று முடிவெடுத்தால் எந்தப் படகு மீறும்? கட்டுப்பாடு விதித்தால் அதற்குக் கட்டுப்படுகிற வழக்கம் நம் கடற்கரைக்குப் புதிதில்லை. தயவுசெய்து ஐந்து மைலுக்கு அந்தப் பக்கம் மடி இழுங்கள். ஆமை விலக்கிக்கு மானியம் வேண்டும், வெளியே போகும் டீசலுக்கு உதவி வேண்டும் என்று நீங்கள் அரசிடம் மனு கொடுப்பதானால், அதில் கையெழுத்துப் போட எங்கள் ஆட்கள் வருவார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

வரும் சனிக்கிழமையும் நடக்கிறோம். உங்கள் சங்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தால்கூடப் போதும். இரவு பதினொன்றரைக்கு நீலாங்கரைக் கரையில் இருப்போம். செருப்பு வேண்டாம், டார்ச்சும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் ஏறும் ஆமை திரும்பிவிடும். டீ நான் கொண்டுவருகிறேன். பெயிண்ட் டப்பாவை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஃபைபர் படகுக்காரர் மகள்